கணிப்பொறிப் பேரேடு யாருடையது?

நமது சங்கங்களின் பேரேடுகள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த நாள் தொட்டு இரும்புப் பெட்டியிலும் அலமாரியிலும் இருந்து வந்த கணக்குகள் இப்பொழுது கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் செலவில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கி அதனை நடத்திச் செல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் இதில் அடங்கும். இத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் நெசவாளர் சங்கங்கள், விற்பனைச் சங்கங்கள், பணியாளர் நாணயச் சங்கங்கள் ஆகியவையும் தத்தம் வசதிக்கேற்ப யாரோ ஒரு வியாபாரியிடம் மென்பொருள் வாங்கி, நூல் வழங்கிய கணக்கையும் நெசவுக் கூலியையும் நகைக்கடனையும் அதில் பதிந்து வருகின்றன.

இம்மாற்றம் நல்லதே. பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்டுவது எத்தனை எளிது என்பதைச் சங்கங்களை ஆய்வு செய்யும் தொழிலில் இருக்கும் நாம் நன்கு அறிவோம். ஆயினும் கிராமங்களுக்குச் செல்லும் பொழுதெல்லாம் நம் காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, சார்" என்பதே அது. தவணை நாளன்று காலை எட்டு மணிக்கே அங்கத்தினர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உரிய நாளில் திருப்பிச் செலுத்திய பயிர்க்கடனுக்கு நம் மாநிலத்தில் வட்டி இல்லை. ஒரு நாள் தவறினால் வட்டி உண்டு. மஞ்சளை விற்றுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்த குடியானவர், பொறியின் சோம்பலுக்காக வட்டி கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரம் புதுப் பொறி வாங்குவது. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, பொது நிதியிலிருந்து பணம் எடுத்து, பெரிய பொறி வாங்கி வைக்கிறார்கள். சில மாதங்கள் ஓடுகிறது. பிறகு பழைய கதை. பெரும்பாலான இடங்களில் குற்றம் பொறியினுடையது அல்ல என்பதே நமது கருத்து. கணக்கு எவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, எவ்வாறு கேட்கப்படுகிறது என்பதில்தான் குற்றம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பேரேடு எழுதத் தெரிந்தால் போதும்.

1970-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாக எழுதி வைத்து, ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் உள்ள உறவைப் பொது எண்களால் காட்டிவிட்டால் எந்தக் கேள்விக்கும் விடை பெறலாம் என்பது அதன் சாரம். இதுவே உறவுநிலைத் தரவுத்தளம். நமக்கு இது புதிதல்ல. அங்கத்தினர் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண். அதே எண் கடன் பேரேட்டிலும் பங்குப் பேரேட்டிலும் நெசவுக் கூலிப் பதிவேட்டிலும் வருகிறது. அங்கத்தினரின் முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். காட் செய்தது, இவ்வழக்கத்தைக் கணித விதியாக்கியது.

சங்கத்தில் 4,000 அங்கத்தினர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 60 பதிவுகள் வீதம், பத்து ஆண்டுகளில் 24 லட்சம் பதிவுகள் சேர்ந்துவிடும். இவற்றில் ஒரு குறிப்பிட்ட நகைக்கடன் எண்ணைத் தேட வேண்டும். சுட்டு இல்லாத தரவுத்தளம் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை அத்தனையையும் புரட்டும். பழைய பேரேடுகளின் முன்பக்கத்தில் 'அ, ஆ, இ' என்று ஓரம் வெட்டிய பெயர் அட்டவணை இருக்குமே, அதுதான் சுட்டு. தரவுத்தளத்தில் இது மரம்போல் கிளைத்த அமைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் சில நூறு எண்கள் இருந்தால், மூன்று அல்லது நான்கு பக்கங்களைப் புரட்டியதும் தேடிய எண் கிடைத்துவிடும். 24 லட்சம் எங்கே, நான்கு எங்கே! இத்தனை வேறுபாடும் மென்பொருளை எழுதியவர் ஒரு வரி கூடுதலாக எழுதினாரா, இல்லையா என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சுட்டு வைத்துவிடலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். கூடாது. பெயர் அட்டவணை பத்து இருந்தால், ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் பத்து இடங்களில் எழுத வேண்டும். ரொக்கம் வாங்கும் நேரம் நீளும். மேலும், முழுப் பேரேட்டையும் சரிபார்க்கும் தணிக்கையாளர் பெயர் அட்டவணையை நாடுவதில்லை, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் புரட்டுவார். தரவுத்தளமும் அவ்வாறே தானாகக் கணக்கிட்டு, சில சமயம் சுட்டை விட்டுவிட்டு முழுதும் வாசிக்கத் தீர்மானிக்கும். எந்த வழியில் போகிறது என்பதை அதனிடமே கேட்கலாம். அதற்கு 'எக்ஸ்பிளைன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நம் சங்கங்களுக்கு மென்பொருள் விற்போரில் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு விற்கிறார்கள்?

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. ஆண்டிறுதியில் எல்லா அங்கத்தினரின் நிலுவைப் பட்டியலையும் எடுக்க வேண்டும். மென்பொருள் எழுதியவர் அவசரக்காரராக இருந்தால், முதல் அங்கத்தினரின் நிலுவையைக் கேட்பார். பிறகு இரண்டாமவர், மூன்றாமவர் என்று 4,000 தடவை கேட்பார். ஒரு பதிவுக்கு நூறு எழுத்தளவு இடம் என்றால், 24 லட்சம் பதிவுகளுக்கு 24 கோடி எழுத்தளவு ஆகிறது. விநாடிக்குப் பத்துக் கோடி எழுத்தளவு வாசிக்கும் பழைய வட்டில் ஒரு முறை முழுதும் புரட்ட 2.4 விநாடி ஆகும். சுட்டும் இல்லை, நினைவகத்திலும் இடமில்லை என்றால், 4,000 தடவைக்கு 9,600 விநாடி. அதாவது 2 மணி 40 நிமிடம். அதே பட்டியலை ஒரே கேள்வியாகக் கேட்டால், ஒரே முறை புரட்டி மூன்று விநாடிக்குள் ஏறத்தாழ முடித்துவிடலாம். கடைக்கு ஒரு சீட்டில் பத்துச் சாமான் எழுதி அனுப்புவதை விட்டுவிட்டு, பையனைப் பத்து முறை நடக்க விடுவதற்கு ஒப்பான காரியம் இது. பொறியை மாற்றினால் பையன் கொஞ்சம் வேகமாக நடப்பான், அவ்வளவுதான்.

வேகத்துக்காக வேறொரு குறுக்குவழியும் நடைமுறையில் இருக்கிறது. அதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். நல்ல தரவுத்தளம், பற்றும் வரவும் இரண்டும் வட்டில் ஏறிய பின்னரே 'முடிந்தது' என்று சொல்லும். ஏறாவிட்டால் இரண்டையும் தள்ளிவிடும். இரட்டைப் பதிவு முறையின் உயிர்நாடி இது. ஆனால் வட்டில் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம் என்று ஓர் அமைப்பை மாற்றிவிட்டால் வேகம் பல மடங்கு கூடும். வாடிக்கையாளர் மகிழ்வார். மின்சாரம் திடீரென்று போகும் நாளில், ரசீது கொடுத்த தொகை பேரேட்டில் இராது. நம்மூர் மின்வெட்டை அறிந்த எவரும் இந்த வேகத்தை விரும்ப மாட்டார்கள். நிர்வாகக் குழுவினர், "எப்படி இத்தனை வேகமாயிற்று?" என்று விற்பவரை ஒரு முறையேனும் கேட்க வேண்டும்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் ஒரு பதிவைத் திருத்தும் பொழுது பழையதை உடனே அழிப்பதில்லை; வேறொருவர் அதை வாசித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் விட்டு வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதும். பழைய பதிவுகள் வண்டல்போல் படியும். பவானியிலிருந்து கொடுமுடி வரை பாயும் காலிங்கராயன் வாய்க்காலில் தூர் வாராவிட்டால் தண்ணீர் கடைமடைக்கு எட்டாதது போல, இங்கும் வண்டலை அகற்றாவிட்டால் வேகம் குறையும். தானே தூர் வாரும் ஏற்பாடு அதிலேயே உண்டு. ஆனால், 'இது வேகத்தைக் கெடுக்கிறது' என்று யாரோ அரைகுறையாகப் படித்துவிட்டு அதை நிறுத்தி வைப்பதும் நடக்கிறது!

இவை தொழில் நுணுக்கங்கள். இனி, கூட்டுறவாளர் என்ற முறையில் நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம்.

1983-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிவிட் என்னும் பேராசிரியர் தம் கூட்டாளிகளுடன் பல தரவுத்தளங்களை ஒரே அளவுகோலால் அளந்து, எது எத்தனை வேகம் என்று பெயர் சொல்லி வெளியிட்டார். ஆரக்கிள் நிறுவனத்தின் சரக்கு அதில் சிறப்பாகத் தோன்றவில்லை. அதன் பின்னர் அந்நிறுவனம் தன் உரிமப் பத்திரத்தில், அனுமதியின்றி வேக அளவீடுகளை வெளியிடக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்தது. வேறு பல நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. இன்றும் அவ்விதி அந்தப் பேராசிரியரின் பெயராலேயே வழங்குகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒருவர் தராசு விற்கிறார். வாங்கலாம், நிறுக்கலாம், ஆனால் தராசு சரிதானா என்று சோதித்து அதை ஊரில் சொல்லக் கூடாது என்கிறார். நம் குடியானவர்கள் அந்தத் தராசை வாங்குவார்களா?

திறந்த மூல மென்பொருளில் இத்தடை இல்லை. அதன் மூல நிரல் எவர் கண்ணுக்கும் திறந்திருக்கும். எவரும் அளக்கலாம், குறை கண்டால் எழுதலாம், திருத்தம் எழுதியும் அனுப்பலாம். கோவையில் மோட்டார் பம்பு பழுதானால் எந்தத் தெருமுனைப் பட்டறையிலும் திறந்து காயில் கட்டிவிடலாம் என்பதனால்தானே அத்தொழில் இம்மண்ணில் வேரூன்றியது! மூடி முத்திரையிட்ட மோட்டார்களை மட்டும் விற்றிருந்தால், பழுது பார்க்கும் பட்டறைகளும் அவற்றில் கற்றுத் தேர்ந்த தொழிலாளரும் இங்கே பெருகியிருக்க மாட்டார்கள்.

அளப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு 2024 மார்ச்சு மாத நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை வளர்ப்பவர்களில் ஒருவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றுகிறவர். போஸ்ட்கிரஸின் வேகத்தை நுட்பமாக அளந்துகொண்டிருந்த பொழுது, தொலைவிலிருந்து பொறிக்குள் நுழையும் செயலுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். வேறொருவராயின் விட்டிருப்பார். அவர் விடாமல் நூல் பிடித்துச் சென்றார். 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்கு மென்பொருளின் புதிய பதிப்பில் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருப்பதைக் கண்டார். அது உலகத்துச் சர்வர்களில் பரவுமுன் தடுக்கப்பட்டது. இச்செய்தியைப் படித்தபொழுது நமக்கு நம் தொழில்தான் நினைவுக்கு வந்தது. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு ரூபாய் இடிக்கிறதென்றால், 'ஒரு ரூபாய்தானே' என்று அனுபவமுள்ள ஆய்வாளர் விடமாட்டார். அந்த ஒரு ரூபாயின் பின்னால் பல லட்ச ரூபாய்க் கையாடல் ஒளிந்திருக்கக் கூடும்.

அக்கதையின் மறுபாதியையும் மறைக்கலாகாது. அந்தச் சுருக்கு மென்பொருளை உலகமே உபயோகித்தது. பராமரித்தவரோ பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர். அவர் களைத்திருந்த சமயத்தில், புனைபெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டாண்டுக்கு மேல் நல்லவர்போல் உழைத்து, நம்பிக்கை பெற்று, பிறகே விஷத்தை வைத்தார். திறந்திருப்பதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பார்க்கும் கண்கள் வேண்டும், அந்தக் கண்களுக்குரியவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது.

உரிமை யாருடையது என்பதும் முக்கியம். இரண்டு திறந்த மூலத் தரவுத்தளங்களின் வரலாற்றை ஒப்பிட்டால் கூட்டுறவாளருக்கு ஒரு பாடம் கிடைக்கும். மை எஸ்.க்யூ.எல். என்பதை 1995-இல் மான்ட்டி விடேனியுஸ் என்னும் ஃபின்லாந்துக்காரர் ஸ்வீடன் நாட்டு நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்டார். மை என்பது அவருடைய மகளின் பெயர். நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் பதிப்புரிமை ஒரு கம்பெனியிடம் இருந்தது. 2008-இல் அக்கம்பெனியைச் சன் நிறுவனம் ஏறத்தாழ நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. வேகத்தைப் பிறர் அளந்து சொல்லக் கூடாது என்று விதி செய்த அதே ஆரக்கிள்! இப்படி நேருமென்று அஞ்சி, மான்ட்டி 2009-இலேயே திறந்த நிரலைப் பிரதி எடுத்துத் தனிக்கிளை தொடங்கி, இளைய மகளின் பெயரால் மரியா டி.பி. என்று அழைத்தார். நிரல் திறந்திருந்தபடியால் பிரிய முடிந்தது. அந்த மட்டில் நல்லதே.

போஸ்ட்கிரஸின் கதை வேறு. 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் தொடங்கியது. பல்கலைக்கழகம் கைவிட்ட பின், இரண்டு மாணவர்கள் 1994-இல் எடுத்துத் திருத்தினார்கள். 1996 முதல் பல தேசத்துத் தன்னார்வலர்களும் பல கம்பெனிகளின் ஊழியர்களும் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றையும் ஐந்தாண்டு பராமரிக்கிறார்கள். அதை விலைக்கு வாங்க விரும்பும் கோடீசுவரர் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்? விற்பதற்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. எந்த ஒரு பங்குதாரரும் தனியே விற்றுவிட முடியாத நம் சங்கத்தின் சொத்தைப் போன்றது அது. ஆகையால், சங்கம் தனக்கென மென்பொருள் வாங்கும் பொழுது, மற்றவை சமமாக இருப்பின் போஸ்ட்கிரஸை விரும்புவதே மேல் என்பது நம் அபிப்பிராயம். மை எஸ்.க்யூ.எல். தீயது என்று சொல்லவில்லை. நாட்டின் எத்தனையோ கணக்குகள் அதன் மேல் நன்றாகவே ஓடுகின்றன.

உற்சாகத்தில் சிலர், "திறந்த மூலச் சமூகமே உண்மையான கூட்டுறவு" என்று எழுதுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். அங்கே ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற விதி கிடையாது. வேலை செய்பவர் சொல் ஏறும், மற்றவர் சொல் ஏறாது. ஊதியம் தரும் பெருங் கம்பெனிகளின் விருப்பமும் உள்ளே இழுக்கும். பேரவைக் கூட்டம் கூட்டித் தேர்தல் நடத்தும் நம் முறைக்கு அது ஈடாகாது. (நம் தேர்தல்கள் எத்தனை ஆண்டுக்கொரு முறை நடக்கின்றன என்று யாரும் திருப்பிக் கேட்காமல் இருக்க வேண்டும்!) எனினும், பொதுவில் உழைத்துப் பொதுவில் பயனடையும் பண்பு இரண்டுக்கும் ஒன்றே.

தமிழ் எழுத்தைப் பற்றிய விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்; இதை வெளிநாட்டார் நமக்காகக் கவனிக்க மாட்டார்கள். 'கொங்கு' என்ற சொல்லின் முதல் எழுத்தை யுனிகோடு முறையில் இரு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கோ அவை இரு வேறு சொற்கள். 'பொன்னுசாமி' என்று ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும், அடுத்த குமாஸ்தா மறு விதமாகவும் பதிந்துவிட்டால், தேடும் பொழுது ஒருவர் அகப்படுவார், மற்றவர் அகப்பட மாட்டார். கடன் தள்ளுபடிப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போனால் பொறுப்பு யாருடையது? பதியும் பொழுதே எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிவிடுவது இதற்கு மருந்து. 2020-இல் வந்த போஸ்ட்கிரஸின் 13-ஆம் பதிப்பு முதல் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பதிந்த கணக்குகளை யுனிகோடுக்கு மாற்றும் சங்கங்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தமிழில் கற்க வழியில்லை என்ற சாக்கு இப்பொழுது செல்லாது. கணியம் குழுவினர் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். து. நித்யா அவர்கள் எழுதிய 'எளிய தமிழில் மை எஸ்.க்யூ.எல்.' அவற்றில் ஒன்று. அட்டவணை அமைப்பதும் கேள்வி கேட்பதும் அதில் நம் மொழியிலேயே விளக்கப்பட்டிருக்கின்றன. பத்தாவது படித்த சங்கக் காரியதரிசியும் நிதானமாகப் படித்தால் விளங்கிக்கொள்வார். இவர்களில் எவரும் நம்மிடம் ஒரு காசு கேட்டதில்லை. நாமும் கொடுத்ததில்லை.

இங்கேதான் நமக்கு வெட்கம் வர வேண்டும். இலவசம் என்றதும் எடுத்துக்கொள்ள நாம் முந்துகிறோம். தூர் வாரப் போகும் நாளில் காணாமற்போகிறோம். குடிமராமத்து என்பது நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. வாய்க்கால் தண்ணீரை உண்பவர் ஆண்டுக்கு ஒரு நாள் மண்வெட்டியுடன் வந்தாக வேண்டும். வர முடியாதவர் ஆளையேனும் அனுப்ப வேண்டும். சங்கங்கள் தம் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும் ஏற்கெனவே பணம் செலுத்தி வருகின்றன. அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் என்ன? டி. ஏ. இராமலிங்கம் செட்டியார் பெயர் தாங்கிக் கோவையில் இயங்கும் கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில், பேரேடு எழுதும் பாடத்தோடு தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் பாடத்தையும் வைக்கலாம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கணினி பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒப்புக்கு ஏதோ ஒரு திட்டவேலை செய்து கொடுக்கிறார்கள். ஒரு நெசவாளர் சங்கத்தின் நூல் இருப்புக் கணக்கு ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, கண்ட திருத்தத்தைப் பொதுவில் வெளியிட்டால், அது சங்கத்துக்கும் உதவும், அவர்களுக்கும் படிப்பாகும்.

கடன் சங்கங்களுக்கான தேசியப் பொது மென்பொருளில் ஒரு தனிச் சங்கம் எதையும் தேர்ந்தெடுப்பதற்கில்லை என்பது உண்மையே. ஆயினும் தன் கணக்கின் முழுப் பிரதியை, வேறெந்தப் பொறியிலும் திறக்கக்கூடிய வடிவில், மாதந்தோறும் பெற்று வைத்துக்கொள்ளக் கேட்கலாம். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி நாளை விசாரணை வந்தால், கணக்கைக் காட்ட வேண்டியவர்கள் நிர்வாகஸ்தர்களும் காரியதரிசியுமே. 'பேரேடு கம்பெனிக்காரரிடம் இருக்கிறது. அவர் தொலைபேசியை எடுக்கவில்லை' என்ற பதிலை எந்த விசாரணை அதிகாரியும் ஏற்க மாட்டார்.

தனியே மென்பொருள் வாங்கும் சங்கங்களுக்கோ இன்னும் சுதந்திரம் உண்டு. 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகள் மென்பொருளுக்கு விலைப்புள்ளி கோரும் பொழுது திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், தள்ளினால் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. அரசு தனக்கென வகுத்துக்கொண்ட இவ்விதியைச் சங்கங்களும் எடுத்தாளலாம். விலைப்புள்ளிக் கடிதத்தில் நாலைந்து வரிகள் சேர்த்தால் போதும். தரவுத்தளம் எது, அதன் எந்தப் பதிப்பு, அப்பதிப்புக்குப் பராமரிப்பு எந்த ஆண்டு வரை என்று கேட்கவேண்டும். நம் சங்கத்தின் பத்தாண்டுக் கணக்கை ஏற்றி, ஆண்டிறுதிப் பட்டியல் எத்தனை நிமிடத்தில் வருகிறதென்று நம் கண்முன் அளந்து காட்டச் சொல்லவேண்டும். ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும்; மீண்டும் போட்டபின் கடைசி ரசீது பேரேட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் கணக்கைத் திருப்பிக் கொடுக்கும் வடிவையும் நாளையும் எழுத்தில் வாங்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்தும் சோதனைக்கு மறுப்புச் சொல்லும் விற்பனையாளர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம்.